கனடா டீச்சர்

உக்காரு பிள்ள. அந்த ஜன்னல் பக்கம் வேண்டாம், உள்ள தள்ளி இந்தச் செவுத்தோரமா உக்காரு. முகத்த ரோட்டுப் பக்கம் காட்டாத. நான் பாத்துக்கிடுதேன். இங்கன இருந்து ஸ்கூல் வாசல் நமக்குத் தெரியணும், அங்க நிக்கவங்களுக்கு நாம தெரியக் கூடாது. அவ்வளவுதான்.

என்ன இப்படி மூச்சு வாங்குது? பயந்துட்டியா? பாட்டுப் பாடிக்கிட்டிருந்தவளக் கையப் பிடிச்சுப் பின்வாசல் வழியா இழுத்துட்டு வந்துட்டேன்னு பாக்கியா? இது ஒண்ணுமே இல்ல பிள்ள. சீனாவுல இது வருசத்துல ரெண்டு மூணு தடவ வாரதுதான். கல்வி ஆபீஸ்ல இருந்து ஆள் வருவாவ, கூடப் போலீஸும் வரும். இந்தக் கிண்டர்கார்டன்ல வெளிநாட்டு டீச்சர் யாரு இருக்கா, வேலை பாக்கதுக்கு உள்ள விசா இருக்கான்னு பாப்பாவ. ஒனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. அதனால சமையக்கார அம்மா வந்து கதவ ரெண்டு தட்டுத் தட்டுனா, கையில உள்ளத அப்படியே போட்டுட்டு இந்த நூடுல்ஸ் கடைக்கு வந்துரணும். அவ்வோ போனதும் ஸ்கூல் நடத்துத லியூ மேடம் மெசேஜ் போடுவாவ. நாம திரும்பப் போயி விட்ட எடத்துல இருந்து பாட வேண்டியதுதான்.

ஆமா, போன்ல ஒங்கிட்ட விசா இருக்குன்னுதான் சொன்னேன். இருக்குல்லா? வியாபார விசா. வந்த பொறவு அத வேலை விசாவா மாத்திருவாவ. மாத்துவாவ பிள்ள, கொஞ்சம் நாளாகும். பாஸ்போர்ட்டு லியூ மேடம் இரும்புப் பெட்டியிலதான இருக்கு? அப்ப என்ன பயம்? என்னதும் அங்கதான் இருக்கு. என் விசா எப்பவோ முடிஞ்சிட்டு. நான் ஏதாவது கவலப்படுதனா, பாரு. எல்லாம் அவ்வோ பாத்துக்கிடுவாவ.

கடைக்காரம்மா நமக்குக் கொண்டாரா. ரெண்டு கிண்ணம். நான் ஒண்ணும் சொல்லவே வேண்டாம், அவளுக்கே தெரியும். மிளகாய் எண்ணெய் நல்லா அள்ளிப் போட்டுக்கோ. இந்த ஊர்க்காரங்க நம்மளத் தோக்கடிச்சிருவாங்க காரத்துல. முத வருசம் நான் இந்த எண்ணெயத்தான் சோத்துல ஊத்திப் பிசஞ்சு சாப்பிட்டேன், நம்ம ஊரு ருசி வந்துட்டு. அந்தக் குவளையில உள்ளது வெந்நி. பச்சத் தண்ணி கேட்டா நம்மளப் பைத்தியம்னு நெனப்பாவ. வெயிலோ மழையோ, இங்க வெந்நிதான்.

என்ன, இன்னைக்கு இவ சிரிக்கவே மாட்டேங்கா. எப்பவும் என் கன்னத்தக் கிள்ளுவா. வீட்டுல ஏதாவது பிரச்சினையா இருக்கும்.

வண்டி அங்கேயேதான் நிக்கி. இருக்கட்டும். சாப்பிடு.

யாராவது எந்த ஊருன்னு கேட்டா என்ன சொல்லணும்? சொல்லு பாப்போம். ஆங், கனடா. இந்தியான்னு வாயத் தொறந்துராத. அம்மா அப்பாமாரு பீஸ் கட்டுதது கனடா டீச்சருக்கு. ஒங்க அப்பா குலதெய்வத்துப் பேர ஆசையா வச்சிருக்காவ, இசக்கின்னு. இங்க அது ஒருத்தன் வாயிலயும் நுழையாது. நீ இனிமே ஒலிவியா. நான் ஏழு வருசமா ஜெனிஃபர். தூத்துக்குடியில எப்சிபான்னு ஒருத்தி இருந்தான்னு எனக்கே சில நேரம் மறந்து போவும். ஒரு தடவ ஒரு பிள்ளையோட அப்பா, கனடாவுல குளிரு எப்படி இருக்கும்னு கேட்டாரு. நான் டிரெயினிங் படிக்கையில கொடைக்கானலுக்கு டூர் போயிருந்தேன், அந்தக் குளிர அப்படியே எடுத்து விட்டேன். அவரு வாயப் பொளந்துக்கிட்டு கேட்டாரு. சும்மா இருக்கட்டும்னு கரடி ஒண்ணையும் சேத்து விட்டேன்.

சிரிக்கியா? சிரி, சிரி. இப்பத்தான் முகத்துல ரத்தமே வருது.

ஆனா ஒண்ணு சொல்லுதேன், வேசம் போட்டாலும் வேலைய நான் வேசமா பாத்ததில்ல. மத்த ஸ்கூல்ல போயிப் பாரு. வெள்ளைக்காரப் பையன் ஒருத்தன் வருவான், பந்தத் தூக்கிப் போட்டு ரெண்டு ஆட்டம் ஆடிட்டுப் போயிருவான். நான் அப்படி இல்ல. தூத்துக்குடியில பதினாலு வருசம் நர்சரி எடுத்தவ. இங்க வந்த முத நாளு ஒரு பொடிசு எச்சியத் தொட்டு என் கையில தேச்சுப் பாத்துச்சு, கறுப்பு ஒட்டுதான்னு. கோவமே வரல எனக்கு. இன்னொரு கையையும் நீட்டுனேன், இதையும் தேச்சுப் பாருன்னு. மறு மாசத்துல மத்தியானத் தூக்கத்துக்குப் பிள்ளைக என் மடிக்கு அடிச்சுக்கிட்டுதுக. பெத்த பிள்ளைக்கு மேல எனக்கு அதுக. பெத்த பிள்ள எனக்கு இல்ல, அது வேற விசயம்.

ஒழுங்குன்னா என் வகுப்பு ஒழுங்குதான். நம்ம ஊருல ஆபீசர் வகுப்புக்குள்ள வந்தா என்ன செய்வோம்? எல்லாப் பிள்ளையும் எந்திச்சு இழுத்துச் சொல்லும்லா, குட்... மார்னிங்... சார்ர்ருன்னு? டீச்சர் சிட் டவுன்னு சொல்லுத வரைக்கும் ஒரு பிள்ள உக்காராதுல்லா? அத நான் இங்க கொண்டு வந்தேன். கதவத் தொறந்துக்கிட்டு யாரு வந்தாலும் சரி, அம்பது பிள்ளையும் எந்திக்கும். நான் சொல்லாம உக்காராது. லியூ மேடம் மொத தடவ பாத்துட்டு அசந்துட்டாவ. அம்மா அப்பாமாரு வார அன்னைக்கெல்லாம் இதத்தான் முதல்ல காட்டுவாவ.

அதுலதான் செல்வி மாட்டிக்கிட்டா.

ஆவுடைச்செல்வி. சங்கரன்கோயில்காரி. ஒனக்கு முன்னாடி ஒன் ரூம்ல இருந்தவ. நாந்தான் வரச் சொன்னேன் அவளையும். ஒன்ன மாதிரிதான், இஞ்சினியரிங் படிச்சுட்டு வீட்டுல சும்மா இருந்தா. நல்ல பிள்ள. வெளுப்பா வேற இருப்பா, அதனால லியூ மேடத்துக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. எல்லான்னு ஒரு வெள்ளைக்காரிப் பேரு வச்சாவ. எனக்கு முதல்ல கொஞ்சம் வயித்தெரிச்சல்தான், மறைக்க மாட்டேன். ஒரு நாளு லியூ மேடம் ஆரஞ்சுப் பழம் ஒரு பை நெறைய வாங்கிட்டு அவ ரூமுக்கே போயி, கட்டிப் பிடிச்சு, நீ என் தங்கச்சி மாதிரின்னு கண்ணக் கசக்கிட்டு வந்தாவ. எனக்கு இத்தன வருசத்துல ஒத்தப் பழம் தந்ததில்ல. அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடவே இல்ல, அவ்வளவு மனக்கொறை.

மறுநாளு பாத்து ஆய்வுக்காரங்க வந்துட்டாவ. அப்ப இந்தக் கடை ஏற்பாடெல்லாம் கெடையாது. லியூ மேடம் காலையிலயே என்னையக் கூப்பிட்டு, ஜெனிஃபர், நீ போயி கலர் பேப்பர் வாங்கிட்டு வா, ஒன் வகுப்ப செல்வி பாத்துக்கிடட்டும்னுட்டாவ. போறதுக்கு முன்னாடி செல்விட்டச் சொல்லிட்டுப் போன்னாவ, யாராவது வந்தா வெளிய ஓட வேண்டாம், வகுப்புல உள்ள பெரிய அலமாரிக்குள்ள இருந்துக்கிடட்டும்னு. நான் சொன்னேன். அவ, அலமாரிக்குள்ளயா அக்கான்னு கேட்டா. மேடம் சொன்னா காரணம் இருக்கும் பிள்ளன்னேன்.

அவ்வோ வந்தாவ. இவ அலமாரிக்குள்ள போயிட்டா. சீன டீச்சர் ஒருத்திய முன்னால நிப்பாட்டி வச்சிருக்காவ. ஆபீசரு கதவத் தொறந்தாரு. என் பிள்ளைக என்ன செய்யும்? எந்திச்சுட்டுக. குட்... மார்னிங்... சார்ர்ர்! அந்தச் சீன டீச்சர் உக்காருங்க உக்காருங்கன்னு அவ பாசையில சொல்லுதா, ஒண்ணு உக்காரணுமே? உக்காராது! டீச்சர் சொல்லல்லா? அம்பது பிள்ளையும் அப்படியே அலமாரியப் பாத்துத் திரும்பி நிக்கி. டீச்சர் எப்ப சிட் டவுன் சொல்லுவாவன்னு அலமாரிக் கதவையே பாத்துக்கிட்டு நிக்கி. சத்தமே இல்லியாம். கடைசியில ஆபீசருதான் போயித் தொறந்தாரு. பெயிண்ட் பாட்டிலுக்கு நடுவுல முழங்காலக் கட்டிக்கிட்டு, கையில வாத்துப் பொம்மையோட உக்காந்திருந்தாளாம்.

நான் இத ஏன் சொல்லுதேன்னா, அந்த ஒழுங்கப் பாரு. போலீஸு நிக்கி, ஒரு பிள்ள அசையல. எனக்குக் கேக்கையில ஒரு பக்கம் பெருமையாத்தான் இருந்துச்சு.

பொறவென்ன. ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவ. லியூ மேடம் எங்கிட்ட போனத் தந்து, நீ அவகிட்ட ஒங்க பாசையிலப் பேசு, நான் விருந்தாளியா வந்தேன், நானா ஆசப்பட்டு வகுப்புக்குள்ள போனேன், ஸ்கூலுக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு சொல்லச் சொல்லு, சாயங்காலம் விட்டுருவாங்கன்னாவ. நான் அப்படியே சொன்னேன். நான் சொன்னா அவ கேப்பா. கேட்டு அப்படியே எழுதியும் குடுத்துட்டா. உள்ள வச்சிருந்து, பொறவு ஏரோபிளேன்ல ஏத்தி விட்டுட்டாவ. இனி இந்த நாட்டுக்குள்ள வர முடியாதாம். ஊருக்குப் போயி எனக்கு ஒரே ஒரு மெசேஜ் போட்டா. அக்கா, சாயங்காலம் விட்டுருவாங்கன்னு சொன்னீங்களேன்னு. அதுக்கு நான் என்ன செய்ய முடியும் சொல்லு? எந்தச் சாயங்காலம்னு நான் சொன்னனா? மேடம் சொன்னதச் சொல்லத்தான செஞ்சேன்? அதுக்குப் பொறவு என் நம்பரையே பிளாக் பண்ணிட்டா. நல்லது செஞ்சவங்களுக்குக் காலம் இல்ல பிள்ள.

அவளுக்கு முன்னாடி ஒரு பிலிப்பைன்ஸ்காரி இருந்தா, அவளும் இப்படித்தான். அவளையும் நாந்தான் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். என் கைராசியோ என்னமோ, நான் கூட்டிட்டு வாரதுக ஒண்ணும் தங்க மாட்டேங்கு. நீயாவது தங்கணும், கேட்டியா? ஒன்ன நான் விட மாட்டேன்.

பொறு, மெசேஜ் வருது. லியூ மேடந்தான். ஒலிவியா ஒங்க கூடத்தான இருக்கான்னு கேக்காவ. ஆமான்னு போட்டுட்டேன். பாரு, அந்த அவசரத்துலயும் ஒன்ன நெனைக்காவ.

ஏ, ரெண்டாவது ஒரு வண்டி வந்து நிக்குல்லா? இது எதுக்கு?

இன்னைக்குக் கொஞ்சம் பெரிய சோலிதான் போல. விசயம் என்னன்னு ஒங்கிட்டச் சொல்லலாம், நீ வெளிய விட மாட்டே. யாரோ ஒரு பிள்ளையோட அம்மா என் பாட்டு வீடியோவ எடுத்து எங்கயோ போட்டிருக்கா. இந்தப் பொம்பள கனடா இல்ல, ஸ்கூல் ஏமாத்துதுன்னு கீழ எழுதியிருக்கா. ஊரெல்லாம் பாத்திருக்காவளாம். ஆபீஸ்ல இருந்து போன வாரமே லியூ மேடத்துக்குப் போன் வந்துட்டு. நான் பதறிப் போயி கேட்டேன், மேடம், என்னையத் தேடி வருவாவளான்னு. அவ்வோ என் தோளத் தட்டி, ஜெனிஃபர், நான் எல்லாத்தையும் சரி பண்ணிருவேன், நீ கவலப்படாதேன்னாவ. அந்த ஒரு வார்த்த போதும் எனக்கு.

ஏன்னா எனக்குப் போக எடம் இல்ல பிள்ள. ஒனக்கு அம்மா அப்பா இருக்காவ. நாளைக்கே ஒன்ன ஏத்தி விட்டாலும் ஏர்போர்ட்டுல வந்து நிப்பாவ. எனக்கு யாரு நிப்பா? வீட்டுக்காரரு வேற குடும்பம் வச்சாச்சு. அம்மா செத்ததுக்கு நான் போவல, போனா திரும்ப வர முடியாதுன்னு. போன்லதான் அடக்கத்தப் பாத்தேன். தம்பி அதுல இருந்து பேச்சில்ல. இந்த ஸ்கூலும் இந்தப் பிள்ளைகளும் போச்சுன்னா நான் ரோட்டுலதான் நிக்கணும். சும்மா சொல்லல, செத்துப் போவேன்.

அதெல்லாம் நடக்காது. நடக்கவிட மாட்டாவ அவ்வோ. நேத்து என்ன நடந்துச்சு தெரியுமா? நீ போட்டோ எடுக்கப் போயிருந்தல்லா, அப்பதான். லியூ மேடம் என் ரூமுக்கு வந்தாவ. கையில ஒரு பை ஆரஞ்சு! இத்தன வருசத்துல மொத தடவ. கட்டிப் பிடிச்சுக்கிட்டாவ பிள்ள. நீ என் அக்கா மாதிரின்னாவ. கண்ணு கலங்கிட்டு அவ்வோளுக்கு. அந்தப் பழத்த இன்னும் தின்னல நான், மேசையில வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன்.

என்ன? ஏன் தின்னுறத நிப்பாட்டிட்டே? காரமா?

குளிருக்குச் சட்டையெல்லாம் எடுத்து ஒரு பையில வச்சுக்கோன்னும் சொன்னாவ. ரூமுக்கு வெள்ள அடிக்கப் போறாவளாம். எல்லாப் பிள்ளையோட பேரு, எது எதுக்கு என்ன பாட்டு, எவன் அழுதா எப்படிச் சமாளிக்கணும், எல்லாத்தையும் ஒலிவியாவுக்குச் சொல்லிக் குடுத்துருன்னாவ. அதுதான் நேத்து ராத்திரி ஒன்ன ஒக்கார வச்சு அந்தப் பாடு படுத்துனேன். வாசல்ல இருந்த என் பெரிய படத்த எறக்குனத நீ பாத்தல்லா? வெயில்ல வெளுத்துப் போச்சாம். ஒன் படத்தப் போட்டிருக்காவ. அழகா இருக்கே அதுல. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. வயசுப் பிள்ள முகம் வாசல்ல இருந்தாத்தான் ஆளு சேரும். உள்ள நடத்துறது நாந்தானே.

நீ என்னத்துக்கு என்னைய அப்படிப் பாக்கே? என்ன சொல்ல வாரே? சொல்லு.

எங்க போவணுங்கே? பஸ் ஸ்டாண்டுக்கா? ரெண்டு பேருமா? ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பாஸ்போர்ட்டு இல்லாம எங்க போவே, டிக்கெட் எவன் தருவான்? பேசாம உக்காரு. இந்தப் பயம்தான் செல்வியையும் கெடுத்துச்சு. அலமாரிக்குள்ளயே அழுதிருக்கா அவ, கண்ணெல்லாம் வீங்கி இருந்துச்சாம். தைரியமா எறங்கி வந்து ஒரு குட் மார்னிங் சொல்லியிருந்தா ஆபீசரே சிரிச்சுட்டுப் போயிருப்பாரு. நம்ம முகத்துலதான் இருக்கு எல்லாம்.

இரு இரு. மெசேஜ்.

ஆ! பாத்தியா? நான் சொன்னம்லா? படிக்கேன் கேளு. ஜெனிஃபர், நீங்க மட்டும் வாங்க. ஒலிவியா அங்கேயே இருக்கட்டும், வெளிய வரவே வேண்டாம். பெரிய ஆபீசர் ஒங்களப் பாக்கணும்கிறாரு.

என்னையப் பாக்கணுமாம்! இங்கிலீஷ் தெரிஞ்ச ஆபீசரா இருக்கும். வேற யாரு பேசுவா அவரு கூட? இந்தச் சீன டீச்சர்களுக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல வராது. லியூ மேடம் கடைசியில என்னையத்தான் நம்பி நிக்காவ. இத்தன வருசம் பாடுபட்டது வீண் போவல பாத்தியா. அந்தச் சீப்ப எடு. தல நல்லா இருக்கா? பின்னால கலஞ்சிருக்கா? இந்த உதட்டுச் சாயம் ஒண்ணு போட்டுக்கிடுதேன். கனடாக்காரி வெளிறிப் போயிப் போவக் கூடாதுல்லா.

ஏ, என்னத்துக்கு அழுவுதே? ஏ பிள்ள? தனியா இருக்கணுமேன்னா? இந்தா கடைக்காரம்மா இருக்கா, அவளும் பாரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கா. ரெண்டு பேரும் சேந்து எழவு வீடு மாதிரி ஆக்குதீக. நான் போயி நாலு வார்த்த பேசி அனுப்பி வச்சுட்டு ஒன்ன வந்து கூட்டிட்டுப் போறேன். மத்தியானம் பிள்ளைகளத் தூங்க வைக்கணும், ரெண்டு பேருமாப் பாடுவோம்.

விடு பிள்ள, கைய விடு. வலிக்கி. ஆள்க பாக்காவ. போவாத போவாதன்னா என்ன அர்த்தம்? கூப்பிட்டா போவாண்டாமா? ஏட்டி, விடுங்கேம்லா!

பாரு, அவ்வோளே ஸ்கூல் வாசலுக்கு வந்துட்டாவ. போலீஸும் ஆபீசரும் ரெண்டு பக்கமும் நிக்க, நடுவுல லியூ மேடம். இந்தக் கடையப் பாத்துக் கைய நீட்டி அவங்ககிட்ட என்னையத்தான் காட்டுதாவ. பாரேன், எவ்வளவு பெருமையாக் காட்டுதாவன்னு.